தாஹிர் மச்சானின் பதினோரு நிமிடம்

என் அக்காள் கணவர் தாஹிரை எங்கள் ஊரில் 'தலைவர்களைப் பெற்ற தாய்' என்பார்கள். ஹுஃபூஃப் நகரத்துப் பாசன அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் துணைத் தலைவராகவே இருந்த மனிதர். அந்த இருபத்திரண்டு வருடத்தில் மூன்று தலைவர்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்கினார்கள். ஒருவருக்கும் மடை எது மதகு எது என்று தெரியாது. எந்த வாய்க்காலை எந்தக் கிழமை திறப்பது, யாருடைய பேரீச்சந்தோப்புக்கு எத்தனை மணி நேரம் முறை, எந்த இரண்டு பங்காளிகளை ஒரே நாளில் மடைப்பக்கம் விடவே கூடாது என்பதையெல்லாம் மச்சான்தான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். கற்றுக்கொண்டதும் அவர்கள் இன்னும் பெரிய பதவிக்குப் போய்விடுவார்கள். மச்சான் அடுத்த ஆளுக்கு முதல் பாடத்தைத் தொடங்குவார்.

நான் அதே அலுவலகத்தில் டிரைவர். பட்டாளத்தில் சேரத்தான் முதலில் போனேன். ஊர் எது என்று கேட்டார்கள். சுதைரா என்றேன். மார்பளவுகூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். சுதைரா முழுக்க ஷியாக்கள் என்பது வரைபடம் பார்க்கத் தெரியாதவனுக்கும் தெரியும். சுதைராக்காரன் கையில் ஜீப் சாவியைக் கொடுக்கலாம், துப்பாக்கியைக் கொடுக்க முடியாது என்பது அரசாங்கத்தின் கணக்கு. சரி, சாவியாவது கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டேன்.

மச்சான் என்னைப் போல முணுமுணுக்கிற ஆள் இல்லை. அவருக்கு ஒரே ஒரு மந்திரம் உண்டு: "வேலை பேசும்." தம்பிக்குப் பதவி உயர்வு வரவில்லையா, வேலை பேசும். பக்கத்து வீட்டுக்காரரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் தலைமையாசிரியர் ஆக்கவில்லையா, வேலை பேசும். மூத்த மகன் ஜவாத் பொறியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயரை வைத்துத்தான் அலுவலகத்தில் மச்சானை அபு ஜவாத், அதாவது ஜவாதின் வாப்பா, என்று கூப்பிடுவார்கள். எல்லா விண்ணப்பத்திலும் பிறந்த ஊர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பிய அன்றே பதில் தெரிந்துவிடும். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் அப்பனும் மகனும் முட்டிக்கொண்டார்கள்.

"வேலை பேசும்டா. பொறுமையா இரு."

"பேசுது வாப்பா. இருபத்திரெண்டு வருசமா தொண்ட கிழியப் பேசுது. அவங்க காதுலதான் விழல."

அக்காள் மசூமா மகனை அதட்டினாள். ஆனால் சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் அதட்டினாள்.

மச்சானின் காபிக் கதைக்கு வருகிறேன். கோடையில் ரமலான் வந்தால் தண்ணீர் முறை மாலையில்தான் மாறும். அதனால் அலுவலகத்தார் பாதிப் பேர் நோன்பு துறக்க அங்கேயே முற்றத்தில் விரிப்புப் போட்டு உட்காருவோம். எங்களைத் தவிர மற்றவர்கள் சுன்னிகள். சூரியன் மறைந்து நகரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவர்களுக்கு நோன்பு முடிந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. கிழக்கு வானத்தின் சிவப்பு கரைந்து தலைக்கு மேல் கடந்து போக வேண்டும். கடிகாரத்தில் பதினோரு நிமிடம். பதினோரு நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பதினான்கு மணி நேரம் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு, மோரும் பழமும் சமோசாவும் முன்னால் இருக்க, பத்துப் பேர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பதினோரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

எனக்கு அது சுலபம். பாங்கு கேட்டதும் ஜீப்பின் முகப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வேன். என் இஞ்சினுக்கு ரமலானில் மட்டும் தினமும் சூரியன் மறையும் நேரத்தில் ஏதாவது கோளாறு வரும். துணைத் தலைவர் இஞ்சினுக்குள் தலையை விட முடியுமா? அதனால் மச்சான் கூஜாவைத் தூக்கினார். பாங்கு தொடங்கியதும் எழுந்து, இடது கையில் காபிக் கூஜாவும் வலது கையில் அடுக்கிய சின்னக் கிண்ணங்களுமாக, ஒவ்வொருவர் முன்னும் குனிந்து ஊற்றுவார். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாவது சுற்று. கிண்ணத்தை ஆட்டிக்காட்டிப் போதும் என்றவரிடமும், இன்னொரு வாய் குடியுங்கள் என்று கெஞ்சுவார். பதினோரு நிமிடமும் இப்படியே ஓடிவிடும். பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்து தன் பழத்தை எடுப்பார். காபியும் சாதாரணக் காபி இல்லை, எங்கள் பக்கத்துக் கஹ்வா. ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்து, அடுப்படியில் தானே நின்று காய்ச்சியது.

தலைவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். இத்தனை பெரிய பொறுப்பில் இருப்பவர் கடைநிலை ஊழியருக்குக்கூடக் குனிந்து ஊற்றுகிறாரே, என்ன பணிவு, என்ன குணம் என்று பிரிவு உபசார விழாவில் மூன்று பேரும் பேசினார்கள். ஊரில் நாங்கள் அவரைக் கூஜா தூக்கி என்று கிண்டல் செய்வோம். கோபப்பட மாட்டார். 'நோன்பும் போகல, மரியாதையும் போகல, வேற என்ன வேணும்' என்பார்.

இருபத்திரண்டாவது வருடம் மூன்றாவது தலைவரும் மாற்றலாகிப் போனார். போகும்போது, அடுத்த தலைவராகத் தாஹிரையே போட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதம்தான் என் மச்சானின் தூக்கத்தைக் கெடுத்தது. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம். ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மகனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், பார்த்தாயா, வேலை பேசியது என்று. அவர் நாற்காலிக்கு ஆசைப்பட்டார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தான் நம்பியது பொய்யில்லை என்று மகன் முன்னால் நிரூபிக்கத்தான் ஆசைப்பட்டார்.

ரமலான் பன்னிரண்டாம் நாள் தலைநகரத்திலிருந்து இயக்குநர் வருகிறார், அலுவலகத்திலேயே எல்லாருடனும் நோன்பு துறக்கிறார், புதிய தலைவரையும் அறிவிக்கிறார் என்று செய்தி வந்தது. மச்சானுக்கு வியர்த்துவிட்டது. இயக்குநர் பக்கத்தில் துணைத் தலைவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கூஜாவைத் தூக்க முடியாது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

எங்கள் ஊர் ஷேக்கிடம் யோசனை கேட்கப் போனோம். அவர் தாடியைக் கோதிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"உயிருக்கு ஆபத்துன்னா மறைச்சுக்கலாம். பொழப்புக்கு ஆபத்துன்னாலும் யோசிக்கலாம். நாற்காலிக்கு ஆபத்துன்னு எந்தக் கிதாபுலயும் நான் பாக்கல, தாஹிர். உனக்கு வேற வழியில்லன்னா தின்னுக்க. ஆனா அந்த நோன்பு போச்சு. பின்னால ஒரு முழு நாள் திருப்பிப் பிடிக்கணும்."

வீட்டில் சொன்னபோது அக்காள் வாயைப் பிளந்தாள். "பதினோரு நிமிசத்துக்கு ஒரு நாளா? வட்டிக்கடைக்காரன்கூட இப்படிக் கேக்க மாட்டான்." பிறகு ஷேக்கைச் சொல்லிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மச்சான் சிரிக்கவில்லை. ஒரு நாள்தானே, பிடித்துவிடலாம் என்றார். ஜவாத் எழுந்து போனான்.

பன்னிரண்டாம் நாள் முற்றத்தில் புது விரிப்பு. இயக்குநர் நடுவில் உட்கார்ந்தார். நல்ல வெள்ளை அங்கி, மெல்லிய சிரிப்பு, கூட இரண்டு அதிகாரிகள். அவருக்கு வலது பக்கம் மச்சான். இடது பக்கம் நாயிஃப். மூன்று வருடத்துக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து வந்த பையன், மச்சானிடம் தொழில் கற்றவன், சாச்சா சாச்சா என்று அவர் பின்னாலேயே சுற்றுகிறவன். எதிரில் எழுத்தர் அபு ஃபஹத். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் தோப்புப் பேரீச்சம்பழத்தைக் கிலோக் கணக்கில் தின்பார். எங்கள் ஆள் அறுத்த ஆட்டை மட்டும் தொட மாட்டார். மார்க்கம் அப்படியாம். பழத்தைப் பறித்ததும் அதே கைதான் என்று நான் ஒருமுறை சொல்லப் போக, இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பாங்குக்கு முன்னால் மச்சான் என்னைக் கண்ணால் கூப்பிட்டுக் கூஜாவைக் கையில் கொடுத்தார். "இன்னைக்கு நீ ஊத்து" என்றார். என் இஞ்சினுக்கு அன்று விடுமுறை.

பாங்கு தொடங்கியது. நான் அபு ஃபஹத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன், கண் மட்டும் மச்சானின் கையில் இருந்தது. அந்தக் கை தட்டுக்குப் போனது. ஒரு பழத்தை எடுத்தது. கொஞ்சம் நின்றது. பிறகு வாய்க்குப் போனது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த நேரத்தில் அந்த வாய் அசைந்ததை நான் பார்த்ததே இல்லை. காபி வழிந்து அபு ஃபஹத்தின் அங்கியில் கொட்டிவிட்டது. அன்று நடந்ததில் நல்ல காரியம் அது ஒன்றுதான்.

இயக்குநர் தன் பழத்தை மென்று முடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பதுபோல அமைதியாகக் கேட்டார்.

"நீங்க சுதைராக்காரர்தானே? உங்களுக்கு இன்னும் நேரம் ஆகலையே?"

மச்சான் வாயில் பழம். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில் விழுங்கினார்.

"பசிங்க" என்றார்.

பசி என்றால் சரிதான் என்று இயக்குநர் தலையசைத்துச் சிரித்தார். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கூஜாவை அப்படியே அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. நானும் சுதைராக்காரன்தான். அடுத்த கிண்ணத்துக்கு ஊற்றினேன்.

தொழுகைக்கு எழுந்தார்கள். எங்கள் வழக்கப்படி மச்சான் கைகளைத் தொங்கவிட்டுத்தான் தொழுவார், அதுவும் எல்லாருக்கும் பிறகு ஓர் ஓரமாக. அன்று முதல் வரிசையில் இயக்குநருக்குப் பக்கத்தில் நின்று அவர்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டார். பழம் உள்ளே போய்விட்டது, இனிக் கை எப்படி இருந்தால் என்ன என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் இயக்குநர் பேசினார். இந்த அலுவலகத்தின் முதுகெலும்பே தாஹிர்தான் என்றார். அவர் பணிவைப் பற்றித் தலைநகரம் வரை பேச்சு இருக்கிறது என்றார். அப்படிப்பட்ட அனுபவசாலி பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் ஓர் இளைஞரைத் தலைவராக நியமிக்க முடிந்தது என்றார். அந்த இளைஞர் நாயிஃப். பாவம், அந்தப் பையன் முகம் செத்துவிட்டது. மச்சானைப் பார்க்க முடியாமல் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மச்சான்தான் முதலில் எழுந்துபோய் அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்.

மறுநாள் உத்தரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தேதியைப் பார்த்தேன். ரமலான் பிறப்பதற்கு முந்தின மாதமே கையெழுத்தாகியிருந்தது. மச்சான் அந்தப் பழத்தைத் தின்றிருந்தாலும் ஒன்றுதான், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றுதான். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் கண் இருக்கிறது.

வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜவாத் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட மச்சானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தானாகவே அவர் செருப்பைத் துடைத்துவைத்தான், கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மகன் தன்மேல் இரக்கப்படுகிறான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த ரமலானில் மிச்ச நாட்களெல்லாம் மாலையானால் கிழக்கு மடையைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். அலுவலக முற்றத்தில் ஆளாளுக்குக் காபி ஊற்றிக்கொண்டார்கள். சமையல்காரன் காய்ச்சியது கழுநீர் மாதிரி இருக்கிறது என்று அபு ஃபஹத் தினமும் புலம்பினார்.

பெருநாள் முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாளே மச்சான் நோன்பு பிடித்தார். இரண்டு நாள் போகட்டும், வெயில் கொஞ்சம் தணியட்டும் என்று அக்காள் சொல்லிப்பார்த்தாள். கடனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை என்றார். ஆகஸ்ட் மாதத்து ஹுஃபூஃப் வெயில். காலை ஒன்பது மணிக்கே ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

நாயிஃப் தன் பதவிக்காகப் பெரிய பெட்டி நிறைய இனிப்பு வாங்கிவந்திருந்தான். எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டான். யாருக்கும் கொடுக்கும் முன் பெட்டியை நேராக மச்சானிடம் கொண்டுவந்தான். முதல் துண்டு நீங்கள்தான் எடுக்க வேண்டும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே எல்லாம் என்றான். உள்ளபடியே அன்போடுதான் சொன்னான். மச்சான் நெஞ்சில் கைவைத்து, இன்று நோன்பு என்றார்.

நாயிஃப் முகம் மலர்ந்தது. "ஷவ்வால் ஆறு நோன்பா சாச்சா? மாஷா அல்லாஹ். பெருநாள் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சிட்டீங்களே."

கூடத்திலிருந்த எல்லாரும் மச்சானை மரியாதையோடு பார்த்தார்கள். பெருநாளுக்குப் பின் ஆறு நாள் நோன்பு வைப்பது அவர்களிடம் பெரிய நன்மை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். இருபத்திரண்டு வருடம் காபி ஊற்றிய மனிதருக்கு ஒரு தலையசைப்பு என்ன பெரிய வேலை? ஆட்டிவிடுங்கள் மச்சான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் தலையை ஆட்டவில்லை.

"ஆறு இல்லப்பா. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு இயக்குநர் பக்கத்துல உக்காந்து, என் நேரத்துக்குப் பதினோரு நிமிசம் முன்னாடி பழத்தத் தின்னேன். நீ உக்காந்திருக்கியே, அந்த நாற்காலிக்காகத் தின்னேன். அந்த நோன்புதான் இது."

நாயிஃப் பெட்டியை ஏந்தியபடியே நின்றான். அலுவலகத்தில் இதுவரை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, எல்லார் முன்னாலும், வெறும் வயிற்றோடு நின்று சொல்லிவிட்டார்.

அபு ஃபஹத்துக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதுல என்னப்பா ரகசியம்? நீ எதுக்குக் கூஜாவத் தூக்கிட்டு அலையறேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இருபது வருசமா தெரியும்."

மச்சான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கணக்கரைப் பார்த்தார், பம்பு பார்ப்பவரைப் பார்த்தார். அவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியாக நாயிஃபைப் பார்த்தார்.

"உனக்குமா?"

"தெரியும் சாச்சா" என்றான் நாயிஃப்.

மச்சான் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார். நோன்புக் களைப்பு என்று நினைத்து நான் ஓரடி முன்னால் போனேன். களைப்பு இல்லை. இயக்குநர் கேட்டபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

"தெரிஞ்சுமா, அந்தக் கூஜாவ வெச்சிட்டு உக்காருப்பா, உன் நேரம் வந்ததும் தின்னுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல?"

அபு ஃபஹத் யோசித்தார். உண்மையான பதிலைத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பாடுபடுவது முகத்தில் தெரிந்தது.

"கஹ்வா நல்லா இருந்துச்சு, அபு ஜவாத்" என்றார்.

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார்.